கண்டி ஏரித் தீவு: சட்டம் யாரைக் காக்கிறது?

கண்டி ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஓரிடத்தில் நின்று படம் எடுப்பார்கள். ஏரியின் நடுவே ஒரு சின்னத் தீவு. அதைச் சுற்றிக் கோட்டை மதில் போல ஒரு சுவர். பாடசாலை விடுமுறைக்கு முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவின் மகளையும் அவரது இரண்டு பிள்ளைகளையும் அங்கே கூட்டிச் சென்றிருந்தேன். தலதா மாளிகைப் பக்கம் பொலிஸார் பைகளைச் சோதித்தபோது அக்கா பழைய பழக்கத்தில் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். சின்னவன் தீவைக் காட்டி, "மாமா, அந்தக் கோட்டையில ஆர் இருக்கினம்?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை. அது பழைய ராசா கட்டினது. தொல்பொருள்" என்றேன்.

அக்கா உடனே கேட்டார்: "தொல்பொருளோ? அப்ப சுத்திவர எல்லைக்கல்லு நட்டிட்டினமோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. வடக்கு, கிழக்கில் போருக்குப் பிறகு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு 'தொல்பொருள்' என்பது பழமையைக் குறிக்கும் சொல் அல்ல. வயலுக்குள் திடீரென முளைக்கும் கல்லைக் குறிக்கும் சொல். ஆனால் அதே சட்டம்தான் இந்தத் தீவையும் காக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் ஒரு திகதி, இந்த ஏரியைக் கட்டியவரின் வீழ்ச்சியிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்பதை அக்காவுக்குச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் மீன் பார்க்கப் போய்விட்டதால் பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஏரியைக் கட்டியவர் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினர் கண்டியின் அரியணையில் அமர்ந்தது 1739இல். கண்ணுசாமி முடிசூடியது 1798இல். அரண்மனைக்கு முன்னால் இருந்த வயல்நிலத்தை மறித்து, 1807ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஏரி உருவாக்கப்பட்டது. சிங்களத்தில் அதற்குப் பாற்கடல் என்று பொருள்படும் பெயர். வேலையை நடத்திய கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரி. தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவர் கைவண்ணமே. கரையோரம் அலை அலையாக ஓடும் மேகச் சுவர் அரைவாசியில் நின்றுபோனது, மன்னனின் ஆட்சி போலவே. மக்களைக் கட்டாய வேலைக்கு அழைத்ததாகவும், மறுத்தவர்களை ஏரிப் படுக்கையிலேயே கழுவேற்றியதாகவும் ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. மன்னன் மீதான குற்றச்சாட்டுகளில் எது நடந்தது, எது ஆங்கிலேயரும் அவர்களோடு சேர்ந்த பிரதானிகளும் ஊதிப் பெருப்பித்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் வயலை இழந்தவர்களும் மண் சுமந்தவர்களும் சாதாரண சனம் என்பதில் சந்தேகமில்லை. 'எங்கட ராசா' என்று பெருமைப்படுவதற்கு முன்னர் அதையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தீவில் இருப்பது தியதிலக மண்டபம். மன்னனின் ஓய்வு மண்டபம் என்றும் அந்தப்புரம் என்றும் சொல்வார்கள். அங்கிருந்து அரண்மனைக்குச் சுரங்கப் பாதை இருந்தது என்ற கதையை ஓட்டோச் சாரதிகள் இலவசமாகவே சொல்வார்கள். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த பிறகு இந்த மண்டபத்தை வெடிமருந்துக் களஞ்சியமாக்கினார்கள். தண்ணீருக்கு நடுவே இருந்தால் தீ பரவாது, திருடரும் வரமாட்டார்கள் என்ற கணக்காக இருக்கலாம். கோட்டை போலத் தெரியும் சுற்றுமதில் அவர்கள் எழுப்பியது. ஆக, சின்னவன் பார்த்த 'கோட்டை' மன்னன் கட்டியது அல்ல. மன்னனை நாடுகடத்தியவர்கள் மன்னனின் மண்டபத்தைச் சுற்றிக் கட்டியது.

மன்னன் 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். அதைப் பாடப்புத்தகத்தில் பௌத்த மதத்துக்குப் பாதுகாப்பு அளித்த ஒப்பந்தமாகப் படித்திருப்போம். அதன் ஐந்தாவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் வரும் பிரிவுகளை வகுப்பில் யாரும் விளக்குவதில்லை. கண்டி மாகாணங்கள் மீது 'மலபார்' இனத்தவருக்கு இருந்த உரிமை ஒழிக்கப்படுகிறது என்றும், மன்னனின் ஆண் உறவினர்கள் அரசாங்கத்தின் எதிரிகள் என்றும் அவை கூறுகின்றன. 'மலபார்' என்பது அன்று ஆங்கிலேயர் தமிழரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல். மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் தொல்பொருள் பாதுகாப்புக்கு அடித்தளமாக இருப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். காலனித்துவ காலத்தில் எழுதப்பட்டு, பின்னர் பல தடவை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் உள்ளது. எது 'புராதன நினைவுச்சின்னம்' என்பதற்கு அது ஒரு கோடு கீறுகிறது: 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக இருக்கவேண்டும், அல்லது அப்படி முற்பட்டதென நியாயமாக நம்பப்பட வேண்டும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். சுதேச ஆட்சி முடிந்ததோடு புராதனமும் முடிந்தது என்ற பார்வை அதற்குள் இருக்கிறது. நாயக்க மன்னன் விழுந்த திகதி, நாட்டின் பழமையை அளக்கும் கோலாக மாறிவிட்டது.

இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன கிடைக்கும்? அரச காணியிலுள்ள புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றம். தனியார் காணியில் இருந்தால், அமைச்சர் வர்த்தமானி மூலம் அதைப் 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்று பிரகடனப்படுத்தலாம். அதன் பிறகு சுவருக்குச் சாந்து பூசுவதற்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சொத்தின் உரிமை உரிமையாளரிடமே இருக்கும். அவர் செய்யக்கூடியவை குறைந்துவிடும். பிரகடனத்துக்கு முன் உரிமையாளருக்கு அறிவித்து ஆட்சேபனை கேட்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இவற்றைத் தவிர, அரச காணியில் ஒரு பரப்பையே தொல்பொருள் ஒதுக்கிடமாக அறிவிக்கலாம். அங்கே அனுமதியின்றிக் காடு வெட்டவோ பயிரிடவோ கட்டவோ முடியாது. நம்மூரில் எல்லைக்கல் என்று தெரிவது பெரும்பாலும் இதுதான். 'அரச காணி' என்ற சொல்தான் இங்கே கவனிக்க வேண்டியது. பரம்பரையாகச் செய்த வயலுக்கு உறுதி இல்லாதவர், இடப்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்தவர், அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் இருப்பவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் அரச காணியில் நிற்பவர்கள். தனியார் காணிக்காரருக்கு உள்ள ஆட்சேபனை உரிமை அவர்களுக்கு இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

கண்டித் தீவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதற்குப் பாதுகாப்பு அடுக்கடுக்காக இருக்கிறது. கட்டளைச் சட்டம் ஒன்று. 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியம் இன்னொன்று. திருத்தவேலைக்குப் பணமும் ஆட்களும் அதனிடம் உண்டு. ஏரியைச் சுற்றிக் கட்டடம் எழுப்ப நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் மாநகர சபையின் அனுமதியும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1988இல் யுனெஸ்கோ கண்டி புனித நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

யுனெஸ்கோ பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு, அது ஏதோ சர்வதேசப் பொலிஸ் என்று. அப்படி இல்லை. அதனால் யாரையும் கைதுசெய்ய முடியாது, கட்டடத்தை இடிக்க உத்தரவிடவும் முடியாது. கேள்வி கேட்கலாம், நிபுணர்களை அனுப்பலாம், 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் போடலாம், கடைசியாகப் பெயரை நீக்கலாம். ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகர மக்கள் எல்பே ஆற்றின் மேல் பாலம் வேண்டும் என்று நின்றார்கள். 2009இல் பட்டியலிலிருந்து பெயர் போனது, பாலம் நிற்கிறது. ஆனால் உல்லாசப் பயணத்துறையை நம்பியிருக்கும் நாட்டுக்கு அந்தப் பெயர் பணம். 2018இல் காலிக் கோட்டையின் மரபுரிமைத் தகுதிக்காகப் பக்கத்திலிருக்கும் கிரிக்கெட் மைதானத்தின் பார்வையாளர் அரங்கை அகற்றலாமா என்று அமைச்சர் மட்டத்திலேயே பேசப்பட்டது. இந்த நாட்டில் கிரிக்கெட்டையே கைவைக்க யோசித்தார்கள் என்றால் பட்டியலின் பலம் விளங்கும்.

தீவுக்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மண்டபம் 1815க்கு முந்தியது, அது கோட்டுக்கு உள்ளே. ஆங்கிலேயர் சேர்த்த மதில் பிந்தியது. திகதியை மட்டும் வைத்துப் பார்த்தால் அது கோட்டுக்கு வெளியே. நடைமுறையில் யாரும் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை, புனித நகரின் குடைக்குள் இரண்டும் அடங்கிவிடும். சட்டத்திலும் ஒரு வழி உண்டு: நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள சின்னத்தை, 1815க்குப் பிந்தியதாக இருந்தாலும், அமைச்சர் தனியாகப் பெயர் குறித்துப் பிரகடனப்படுத்தலாம். கோட்டுக்கு உள்ளே இருப்பவைக்கு அந்தத் தகுதி பிறப்பிலேயே வருகிறது. வெளியே இருப்பவை அமைச்சரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

வெளியே இருப்பவை யாருடையவை என்று பாருங்கள். கண்டியைச் சுற்றிய மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியது 1820களில். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காடு வழியே நடந்து வந்தவர்களின் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டுக்குப் பிந்தியது. அவர்கள் கட்டிய முதல் கோயில், முதல் லயன் வரிசை, வழியில் செத்தவர்களைப் புதைத்த இடம் எதுவும் சட்டப்படி 'புராதனம்' ஆக முடியாது. 2023இல் மலையக மக்கள் தங்கள் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் நிறுத்தி 'இங்கே இன்னது இருந்தது' என்று காட்ட ஒரு கல்லாவது மிஞ்சியிருக்கிறது? மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1983 யூலையில் எரிக்கப்பட்டுப் பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. எரித்தவர்கள் மீது பாய எத்தனையோ சட்டங்கள் இருந்தன; ஒன்றும் பாயவில்லை என்பது வேறு கதை.

கண்டி மாவட்டத்திலேயே இருக்கிறது லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட இடம். அவரது குடிலின் எஞ்சிய புகைபோக்கியையும், அவர் உட்கார்ந்து பார்த்த கல்லாசனத்தையும் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். ஹந்தானையில் ஒரு பழைய தொழிற்சாலையைத் தேயிலை அருங்காட்சியகமாக்கி இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். துரையின் புகைபோக்கி மரபுரிமை, தொழிலாளியின் லயன் அறை வெறும் பழைய கட்டடம். எல்லா லயன்களையும் அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவருக்குத் தேவை வீடும் காணியும். திருத்துவதற்கு இன்னொரு திணைக்களத்தின் அனுமதி அல்ல. ஆனால் எல்லாரும் புது வீட்டுக்குப் போன பிறகு ஒரு வரிசையையாவது, அங்கே வாழ்ந்தவர்கள் தெரிவு செய்யும் ஒன்றை, பெயர் குறித்துப் பிரகடனப்படுத்தக் கேட்கலாம். நூறு ஆண்டு விதி அதற்கு இடம் தருகிறது.

போரைப் பற்றிப் பேசாமல் கண்டியின் பாதுகாப்பைப் பற்றி எழுத முடியாது. 1998 ஜனவரி 25, ஞாயிறு காலை, வெடிமருந்து நிரப்பிய லொறி ஒன்று தலதா மாளிகை வாசலில் வெடித்தது. பொதுமக்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டு விழா அங்கே நடக்கவிருந்த நேரம். விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது, சில நாட்களுக்குள் விடுதலைப் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டது. இதை நம் பக்கத்து எழுத்துகளில் பலர் ஒரு வரியில் தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன். யாழ் நூலகம் எரிந்ததைப் பேசும் வாயால் இதையும் பேச முடியாவிட்டால், மரபுரிமைப் பாதுகாப்பு என்ற சொல்லை நாம் எடுக்காமல் இருப்பது நல்லது. மாளிகை விரைவாகத் திருத்தப்பட்டது. சுவரின் சாந்து உதிர்ந்த இடங்களில் பழைய ஓவிய அடுக்குகள் வெளிப்பட்டன. மாளிகைக்கு முன்னால் இருந்த வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது.

யாழ்ப்பாணக் கோட்டையும் அதே சட்டத்தின் கீழ்தான் இருந்தது; ஒல்லாந்தர் கட்டியது, 1815க்கு எவ்வளவோ முந்தியது. 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அதற்குள் இருந்த 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஒல்லாந்தர் தேவாலயம் தரைமட்டமானது. உள்ளே இராணுவம், வெளியே புலிகள், நடுவில் கட்டளைச் சட்டம். கோட்டை மதில்களின் திருத்தவேலை போர் முடிந்த பிறகு நெதர்லாந்தின் உதவியோடு தொடங்கியது. தேவாலயம் இன்றும் கற்குவியல்தான்.

கண்டித் தீவுக்கு நெருங்கிய உறவுக்காரன் ஒன்று வடக்கில் உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, கடலுக்குள் தனியே நிற்கும் ஹம்மன்ஹீல். ஊரார் சொல்லில் கடற்கோட்டை. போர்த்துக்கீசர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் சிறையாகவும் பயன்பட்ட கோட்டை. இன்று அது கடற்படை நடத்தும் விடுதி. பணம் கட்டினால் சிறைக்கூடம் இருந்த மதிலுக்குள்ளேயே சாப்பிடலாம். இதில் சட்டம் மீறப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பழைய கட்டடத்தைப் பயன்பாட்டில் வைத்திருப்பது அதைக் காக்கும் வழிகளில் ஒன்று, உதய்ப்பூர் ஏரி அரண்மனையும் ஹோட்டல்தான். கேள்வி வேறு. கண்டி ஏரித் தீவை நாளைக்கு ஒரு படைப்பிரிவு எடுத்து விடுதி நடத்தப் போகிறது என்றால் கண்டியில் எத்தனை பேர் வீதிக்கு வருவார்கள்? கடற்கோட்டையைச் சூழ வாழும் மீனவர்களிடம் யார் கேட்டார்கள்?

அதே சட்டம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கான ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது தலைவர் பாதுகாப்புச் செயலாளர்; தமிழர், முஸ்லிம் ஒருவர்கூட ஆரம்பப் பட்டியலில் இல்லை. குருந்தூர்மலையில் கட்டுமானத்தை நிறுத்துமாறு 2022இல் முல்லைத்தீவு நீதவான் ரி. சரவணராஜா உத்தரவிட்டார். வேலை நிற்கவில்லை என்று மக்கள் மீண்டும் மீண்டும் நீதிமன்றம் போனார்கள். 2023 செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி நீதவான் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி அன்று வழிபடப் போனவர்களில் எட்டுப் பேர் கைதாகிப் பல நாட்கள் விளக்கமறியலில் இருந்தார்கள். கண்டியில் மண்டபத்தைக் காக்கும் சட்டம், வன்னியில் பொங்கல் பானையைத் தடுக்கும் சட்டமாகிவிட்டது. சட்டத்தின் வாசகங்களில் இனம் என்ற சொல் எங்கும் இல்லை. யார் பிரகடனம் செய்கிறார்கள், எதைத் தோண்டுகிறார்கள், எந்த அடுக்கில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைச் சமப்படுத்த அரசியலமைப்பில் ஒரு சிறு கதவு உண்டு. 13ஆவது திருத்தம், தேசிய முக்கியத்துவம் உடையவை என்று பாராளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத பழைய சின்னங்களை மாகாண சபைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு மாகாணம் தன் லயன் வரிசையையோ தேர்முட்டியையோ தானே பட்டியலிட இது போதும். மாகாண சபைத் தேர்தல்கள் நடக்காமல் கிடக்கும்போது அந்தக் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

அதுவரை கையில் இருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் காணிக்குப் பக்கத்தில் கல் நடப்பட்டிருந்தால் மூன்று விடயங்களை எழுதிக் கேளுங்கள்: எந்தத் திகதி வர்த்தமானி, இலக்கம் என்ன, ஒதுக்கிடமா, பாதுகாக்கப்பட்ட சின்னமா, எல்லை குறிக்கும் நில அளவை வரைபடத்தின் பிரதி. தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வர்த்தமானி இல்லாமல் நட்ட கல்லுக்கும் வர்த்தமானியோடு நட்ட கல்லுக்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அதைக் கேட்டு எடுக்காமல் சட்டத்தரணியிடம் போனால் அவர் முதல் நாள் கேட்கப்போவதும் அதைத்தான்.

இதையெல்லாம் பேருந்து நிலையம் போகும் வழியில் அக்காவிடம் சொன்னேன். மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். பிள்ளைகளின் படம் கீறும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முன்பக்கத்தில் சின்னவன் ஏற்கனவே அந்தக் கோட்டையைக் கீறியிருந்தான். தீவைச் சுற்றித் தண்ணீர், தண்ணீரைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள்.